நடந்து போனவர் முன்னால், பர்மிட் கட்டிய பஸ் பின்னால்

மூன்று பஸ், இரண்டு வேன், சேவூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஷெட், அதற்குள் வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கச் சிமெண்டு போட்ட பள்ளம், வாசலில் பெயர்ப் பலகை. இவ்வளவும் நான் கட்டியது. அப்பன் வைத்துவிட்டுப் போனது என்று சொல்ல ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அவர் அடுத்தவர் நிலத்தில் அறுப்புக்குப் போனவர். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் நாலாவதில் பாதிதான். காசிக்கு எங்கள் ஊர் ஜனங்களை முதன்முதலில் ஒரே வண்டியில் கொண்டுபோய், எல்லாரையும் உயிரோடும் சண்டை போடாமலும் திரும்பக் கொண்டுவந்தவன் நான். "முடியாது ஏழுமல, பொம்பளைங்க பாத்ரூமுக்கே பாதி நாளு போயிடும்" என்றார்கள். போகவில்லை. மகளை எம்.காம். படிக்க வைத்தேன். இதை நான் சொல்லச் சொல்ல அவள்தான் கணினியில் அடிக்கிறாள். எழுத்துப் பிழையைத் திருத்தலாம், விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எதற்கு இப்போது இது? சுற்றுலா வாகன உரிமையாளர் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் வருகிறது. திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். சங்கச் செயலாளர் தினேஷ், சின்னப் பையன்தான், நல்ல பையன், வீட்டுக்கு வந்தான்.

"பெரியப்பா, புது ரூல்ஸ் வந்தப்புறம் நம்ம தொழிலு எப்படி மாறிச்சின்னு ஒரு கட்டுரை வேணும். உங்க காலத்துல பார்டர்ல இன்னா பாடுபட்டீங்கன்னு எழுதிக் குடுங்க. எங்களுக்கு ஒண்ணுமே தெரியல. போன்ல பணம் கட்றோம், பர்மிட்டு வந்துடுது, போய்கினே இருக்கோம்."

அவன் சொன்னது சரி. மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, சுற்றுலா வண்டிக்கு இந்தியா முழுக்க ஒரே அனுமதி. கட்டணத்தை ஒரே இடத்தில் கட்டிவிட்டால் போதும். மாநிலங்களுக்கு அவரவர் பங்கை அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். பயணிகள் பட்டியலைக் கைப்பேசியிலேயே காட்டலாம். இன்னும் சில இடங்களில் கை காட்டி நிறுத்துகிறார்கள், பேஜார் பண்ணுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லையில் வண்டியை வரிசையில் போட்டுவிட்டுக் கவுண்டரில் தவம் கிடந்த காலம் போய்விட்டது. இந்தத் தொழிலை ஒரு தொழிலாக மதித்துப் போட்ட சட்டம் அது. அதில் என் பங்கு இருக்கிறது. எவ்வளவு பங்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் ராஜமாணிக்கம் முதலாளியிடம் கிளீனராகச் சேர்ந்தேன். வண்டி கழுவினேன், டயர் கழற்றினேன், திட்டு வாங்கினேன், ஸ்டீயரிங்கைத் தொட்டேன், அதற்கும் திட்டு வாங்கினேன், பிறகு லைசென்ஸ் வாங்கினேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் முதலாளியைப் பார்த்துக் கற்றது.

அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் மிச்சம் புரியும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்த உடுப்போடு குனிந்து ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண்ணால் பார்த்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "மாப்பிள்ளை பாக்கறதுன்னா கண்ணு போதும். டயருக்குக் கை வேணும்" என்றார். சத்தம் போட்டுப் பேசியதே கிடையாது. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "டேய் ஏழுமல" என்றால் நல்ல மனநிலையில் இருக்கிறார். "ஏழுமல ஐயா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா" என்றால் அன்றைக்கு நான் ஒழிந்தேன்.

எல்லைச் சோதனைச் சாவடிக்கு அவர் வைத்திருந்த நடைமுறை இது. முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும். ஓடுகிற இன்ஜின், "எனக்கு அவசரம்" என்று கத்துகிற மாதிரியாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டக் கூடாது. சட்டைப் பைக்குள் போட வேண்டும். அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நாமே இறங்கி நடக்க வேண்டும். காகிதங்களை அந்தச் சாவடியில் எந்த வரிசையில் கேட்பார்களோ அந்த வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும்: பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி ரசீது, பயணிகள் பட்டியல். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. எஃப்.சி.யில் ஒரு மூலையில் டீ கறை, இன்சூரன்ஸ் நீல ஓரம் என்று அடையாளம் வைத்திருந்தேன். ஒருநாளும் மாறியதில்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று சொல்வார்: "எந்த வேலையா போறோம்னு மட்டும் நீயா சொல்லாத. சாவுன்னாலும் சொல்லாத, கல்யாணம்னாலும் சொல்லாத. சொன்னின்னு வெச்சுக்கோ, உன் அவசரம் அவன் கைக்குப் போயிடும். அப்புறம் அவன் ஆட்டற ஆட்டம்தான்."

இந்த ஒரு பாடத்தை நான் ஒரே ஒருமுறை மீறினேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அப்போது நான் தனியாக வந்து முதல் பஸ்ஸை வாங்கியிருந்த நேரம். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. வண்டியை எவனாவது பிடித்து யார்டில் போட்டால், வீடும் கூடவே போய்விடும் என்கிற நிலைமை. சேவூரில் தட்சிணாமூர்த்தி என்று ஒரு நெசவாளர். பட்டுத் தறி இரண்டு வைத்திருந்தார். அவர் மகள் கோமதிக்குக் கீழ்த் திருப்பதியில் மண்டபம் பிடித்துக் கல்யாணம். மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். முதல் நாள் காலையிலேயே பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு என் வண்டி போக வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போவதால் தனிப் பர்மிட், அதோடு பயணிகள் பட்டியல். பட்டியலில் இருப்பவர்தான் வண்டியில் இருக்க வேண்டும். வழியில் ஏற்றினால், டிக்கெட் போட்டு ஓடுகிற ரூட் பஸ் என்று கேஸ் எழுதிவிடுவார்கள்.

பட்டியல் எழுதும்போது தட்சிணாமூர்த்தி, "என் பேரப் போடாத ஏழுமல. நான் பின்னாடி தனியா வர்றேன்" என்றார்.

"பொண்ணுக்கு அப்பன் பின்னாடி வர்றதாவது. இன்னா விளையாடறியா?"

"முகூர்த்தப் பொடவ இன்னும் தறியில இருக்குதுப்பா. மழ ஈரத்துல இழை அறுந்துகினே இருக்குது. முந்தி முடிச்சி அறுத்து எடுத்துகினுதான் வருவேன்."

வேறு யாரையாவது உட்கார வைத்து முடிக்கச் சொல்லலாமே என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! மகள் புடவைக்கு அடுத்தவர் கை தறியில் நாடா போடக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். ஊருக்கெல்லாம் புடவை நெய்கிறவர், தன் பெண்ணுக்குக் கடையில் வாங்கிக் கட்டினார் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. சரி, பெயரைப் போடவில்லை.

வண்டி கிளம்பிக் கண்ணமங்கலத்தில் டீக்கு நின்றது. பின்னாலேயே ஒரு டூவீலர் விரட்டிக்கொண்டு வந்தது. பின்சீட்டில் தட்சிணாமூர்த்தி, நெஞ்சோடு அணைத்த துணி மூட்டை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்துவிட்டாராம். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"ஜல்தி கதவத் தொற ஏழுமல!"

நான் என்ன செய்வேன்? மகள் கல்யாணத்துக்குப் போகிற பஸ். மகளுக்கான புடவையோடு அப்பன் நிற்கிறான். பட்டியலில் உன் பேர் இல்லை என்று சொல்லி அவரை ரோட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு வாய் வருமா? ஏற்றிக்கொண்டேன். இன்றைக்கும் ஏற்றுவேன்.

சித்தூர் ரோட்டில் எல்லையைத் தாண்டியதும் ஆந்திரச் சாவடி. இன்ஜினை அணைத்தேன். சாவியைப் பைக்குள் போட்டேன். இறங்கி நடந்தேன். எல்லாம் முதலாளி சொன்ன வரிசைதான். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது, நிதானமான ஆள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். காகிதங்களைப் பார்த்தார், பட்டியலை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறித் தலை எண்ணினார். ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினார். மறுபடி ஒன்று கூடுதல்.

"ஏம்பா, வழியில ஏத்தினியா? டிக்கெட் போட்டு ஓட்டறியா?"

"இல்ல சார். ஒரே குடும்பம்."

அவர் நேராகப் பயணிகளையே கேட்டார். "யாராவது இந்த வண்டிக்குக் காசு குடுத்தீங்களா?"

எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அதோடு முடிந்திருக்கும். சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த வரதப்பன் எழுந்து நின்றார். பெண்ணுக்குத் தாய்வழியில் தாத்தா முறை. எண்பது வயதிருக்கும். பஸ்ஸில் எல்லாரும் தன்னை ஓசியில் வந்த கிழவன் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று அவருக்குக் கவலை.

"மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் குடுத்துட்டுத்தான் ஏறினேன். படியில கால் வெக்கறதுக்கு முன்னாடியே கையில குடுத்துட்டேன். ஓசி சவாரி இந்த வரதப்பனுக்குப் பழக்கமே கெடையாது."

கோமதியின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். வண்டி, வீட்டுப் பத்திரம், விடிந்தால் கல்யாணம், மூன்றும் அந்தக் கிழவரின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தன.

"எவ்ளோ குடுத்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அத சபையில சொல்றதா? அது எனக்கும் அந்தப் பொண்ணுக்கும்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "வண்டிய யார்டுல போடு."

முதலாளி சொன்னது காதில் கேட்டது. எந்த வேலையாகப் போகிறோம் என்று சொல்லாதே. சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு வண்டி யார்டுக்குத்தான் போயிருக்கும். நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த தெலுங்கையெல்லாம் கூட்டிச் சொன்னேன்.

"சார், இது பெண்ட்லி பஸ்ஸு சார், கல்யாண வண்டி. அந்தப் பெரியவரு குடுத்தது டிக்கெட் இல்ல. மொய் சார். உங்க பாஷையில சதிவிம்புலு."

அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "சதிவிம்புலா? கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

"அவருக்கு எண்பது வயசு சார். நாளைக்கு வரைக்கும் நம்பி வெச்சுக்க வேணாம்னு குடுத்துட்டாரு."

"யார்ரா அவன்? எனக்குச் சாவு தேதி குறிக்கறவன்!" என்று உள்ளேயிருந்து வரதப்பன் கத்தினார்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி ஜெயித்த மாதிரி. ஆனால் மீதிப் பாதியை அவர் விடவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலை அது.

"சரி, மொய்னே வெச்சுக்கறேன். அந்தக் கூடுதல் ஆளு யாரு?"

தட்சிணாமூர்த்தி மூட்டையோடு எழுந்தார். "நான்தாங்க. பொண்ணுக்கு அப்பன்."

"அப்பான்னா முதல் பேரா நீதான இருக்கணும்? லிஸ்ட்டுலயே இல்லியே?"

"தறியில இருந்தேங்க."

இன்ஸ்பெக்டர் அந்த மூட்டையைப் பார்த்தார். பிறகு, "ரூல் ரூலுதாம்பா. இந்த வண்டியில நீ வர முடியாது. ஏத்திகினு போனா அடுத்த செக்கிங்ல மொத்த வண்டியும் மாட்டும்" என்றார்.

தட்சிணாமூர்த்தி மூட்டையை மகள் மடியில் வைத்தார். "நீங்க போங்க. பொடவ போய்ச் சேர்ந்தா போதும். நான் ஊருக்கே திரும்பிப் போறேன்" என்றார். மூன்று மாதம் உட்கார்ந்து நெய்தவர், அதைக் கட்டிக்கொண்டு பெண் மணையில் உட்காருவதைப் பார்க்காமல் திரும்பிப் போகிறாராம்! கோமதி மூட்டையைத் தூக்கி அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"நீ வந்தா இது வரட்டும்பா. இல்லன்னா நான் பழைய பொடவையிலயே உக்காந்துக்கறேன்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பஸ்ஸுக்குத்தான் பர்மிட், மனிதனுக்கு எதற்குப் பர்மிட்? இன்ஸ்பெக்டரிடமே கேட்டேன். "சார், இவரு இந்த வண்டியில வரக் கூடாது, அவ்ளோதான? நடந்து போனா?"

"நடந்து காசிக்குக்கூடப் போவட்டும். நான் ஏன் கேக்கறேன்?"

"எறங்குப்பா தட்சிணாமூர்த்தி. பார்டரு வண்டிக்குத்தான், உனக்கு இல்ல. அந்தாண்ட போயி கவர்மெண்ட் பஸ் புடி."

அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாவடிக் கட்டையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பஸ்ஸிலிருந்து எல்லாரும் ஜன்னலில் தலை நீட்டிப் பார்த்தோம். வழியனுப்புகிற மாதிரி சில பெண்கள் கை ஆட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு ஆந்திர அரசு பஸ் நின்றது. ஏறிப் போயே போய்விட்டார்.

நாங்கள்? எங்கள் காகிதம் இப்போது சுத்தம். ஆள் சுத்தம். ஆனால் அந்த மாநிலத்து வரியை அந்தக் கவுண்டரில்தான் கட்ட வேண்டும். கவுண்டரில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்தார். கரண்டு போயிருந்தது. கரண்டு வந்தது. எனக்கு முன்னால் கர்நாடகா போகிற வேன், ஐயப்ப சாமிகள், கல்லூரிப் பிள்ளைகள் வண்டி என்று வரிசை. பெண்கள் கட்டி வந்த புளிச்சோற்றைப் பிரித்தார்கள். "பொண்ணு வீட்டு விருந்து பார்டர்லயே ஆயிப்போச்சு" என்றாள் ஒருத்தி. வரதப்பனுக்கு இரண்டு உருண்டை அதிகம் கொடுத்து, இனிமேல் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வரி கட்ட மாட்டேன் என்று நாங்களும் சொல்லவில்லை. வாங்க மாட்டேன் என்று அவர்களும் சொல்லவில்லை. கட்டுவதற்கு நேரம்தான் போனது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மண்டப வாசலில் வண்டியை நிறுத்தினேன். தட்சிணாமூர்த்தி குளித்து, நெற்றி நிறைய நாமம் போட்டு, வாசற்படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மடியில் அந்த மூட்டை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னா ஏழுமல, பர்மிட்டு கட்டின வண்டி இவ்ளோ லேட்டா வருது?"

மண்டபமே சிரித்தது. விடியற்காலையில் கோமதி அந்த அரக்குப் புடவையில் மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறும்போது தட்சிணாமூர்த்தி பெண்ணைப் பார்க்கவில்லை, முந்தியில் கடைசியாகப் போட்ட இழையைத்தான் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

அப்புறம் சில வருடம் கழித்து, புதிய விதிகள் வருவதற்கு முன்னால், சென்னையில் அதிகாரிகள் எங்களைப் போன்ற வண்டி உரிமையாளர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். சங்கத்திலிருந்து பத்துப் பேர் போனோம். எல்லாரும் டைப் அடித்த மனுவை வாசித்தார்கள். "மேற்படி இனத்தில்", "தக்க நடவடிக்கை" என்று ஓடியது. என் முறை வந்தது. என்னிடம் காகிதம் இல்லை. எழுந்து இந்தக் கதையைச் சொன்னேன். வரதப்பனையும் விடவில்லை. இப்போது சங்கத் தலைவராக இருப்பவர் அன்றைக்கு என் பக்கத்து நாற்காலி. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க ஏழுமல, சங்கத்து மானத்த வாங்காதீங்க" என்றார். நான் உட்காரவில்லை.

"மேடம், பர்மிட் இல்லாதவன் நடந்து போயி முன்னாடி சேர்ந்தான். பர்மிட் கட்டின பஸ்ஸு பின்னாடி போச்சு. அப்ப அந்த பர்மிட்டு எதுக்கு?"

மேசைக்கு நடுவில் இருந்த பெண் அதிகாரி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்போ என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

"வீட்டு வரிய வீடு இருக்கற ஊர்ல வாங்கறீங்க. தெருமுனைக்குத் தெருமுனை என்னை நிறுத்தியா வாங்கறீங்க? வண்டி கெளம்பற எடத்துலயே மொத்தமா வாங்கிக்குங்க மேடம். பங்கு பிரிக்கறத நீங்க உங்களுக்குள்ள வெச்சுக்குங்க. அதுக்கு நாங்க ஏன் வெயில்ல நிக்கணும்?"

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். என் கண்ணால் பார்த்தேன். மற்றவர்கள் மனுவை வாசித்தபோது அவர் பேனா மேசையில் படுத்திருந்தது. அதையும் பார்த்தேன்.

பிறகு விதிகள் வந்தன. கிளம்புகிற இடத்திலேயே மொத்தமாகக் கட்டு, பங்கை அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். நான் சொன்னது அப்படியே இருக்கிறது. நாடு முழுக்க ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் இதையே கேட்டிருப்பார்கள் என்று என் மகள் சொல்கிறாள். கேட்டிருக்கட்டும். ஆரணியிலிருந்து போய்க் கேட்டவன் யார்? அது ஒன்றுதான் என் கேள்வி.

ஏனென்றால், இப்போது நம் தலைவர் மேடைக்கு மேடை இந்தக் கதையைச் சொல்கிறார். "ஒருமுறை என் வண்டியில் ஒரு கல்யாணக் கோஷ்டி" என்று ஆரம்பிக்கிறார். கைதட்டு வாங்குகிறார். போன மாதம் நானே கீழே உட்கார்ந்து கேட்டேன். வரதப்பனை விட்டுவிட்டார். சதிவிம்புலுவை விட்டுவிட்டார். புடவையைக் காஞ்சிபுரம் பட்டு ஆக்கிவிட்டார். சேவூர்த் தறியில் நெய்ததை! மானத்தை வாங்காதே என்று சட்டையை இழுத்த கைதான் இன்றைக்கு மைக்கைப் பிடித்திருக்கிறது.

தினேஷ், நீ கேட்டாய், எழுதிக் கொடுத்துவிட்டேன். புதுக் கட்டடத்தில் உழைத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டப் போவதாகச் சொன்னாய். அந்தக் கல்லில் "சேவூர் ஏழுமலை" என்று வர வேண்டும். சந்தா கட்டியவர்கள் வரிசையில் வேண்டாம். "எல்லையில் நின்றவர், சென்னையில் சொன்னவர்" என்று தனியாக வர வேண்டும். தலைவர் கதையைச் சொல்லட்டும், நான் தடுக்கவில்லை. யாருடைய வண்டி என்று மட்டும் சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.

இன்னொன்று. முதன்முதலில் அந்தப் பர்மிட் கேள்வியைக் கேட்டது, காபி டம்ளரோடு படியில் உட்கார்ந்திருந்த தட்சிணாமூர்த்தி. அதைச் சென்னை வரைக்கும் சுமந்துகொண்டு போனது மட்டும்தான் நான். அடுத்தவன் நெய்ததை என் பெயரில் விற்கிறவன் நான் இல்லை. ஆகவே அவர் பெயரையும் கல்லில் வெட்டுங்கள்.

என் பெயருக்குக் கீழே.